பொன்னாடையும் தாரும் ஒரே கூட்டத்திலா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டக் கடிதம் எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் வந்திருக்கும். அதில் 6ஆவது அங்கம் மூத்த தொண்டர்களுக்குப் பொன்னாடை. முதல் பேரே எங்க சார் பேர்தான். அப்படியே கீழே வாங்க. 9ஆவது அங்கம், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அரை ஏக்கர் நிலத்தைச் சமப்படுத்தி, தார் போட்டு, கார் நிறுத்துற இடமாக்குவது. அந்த அரை ஏக்கர்தான் சாரோட தோட்டம். கடிதத்தை டைப் பண்ணவங்களுக்கு இது கண்ணுல படலையா, பட்டும் விட்டுட்டாங்களா, தெரியல. படிச்ச அன்னிக்கு ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வரல.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறோம். போன வருஷம் இதே தீர்மானம் வந்தப்ப கை தூக்கினவங்கள்ல நாங்களும் உண்டு. தொண்டர் குழுவில் சாரிடம் படிச்சவங்க ஐந்து பேர் இருக்கோம், ஐந்து பேருமே தூக்கினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோட்டோரம் காடி நிறுத்தி நகராண்மைக் கழகத்திடம் சம்மன் வாங்குறவங்களை வாராவாரம் பாக்குறோம். முட்டி வலியோட பாட்டிமார் சந்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து நடந்து வர்றதையும் பாக்குறோம். அதனால சரின்னு பட்டுச்சு.

மறுநாள் காலையில கோயிலைக் கூட்ட வந்தப்ப சார் தோட்டத்துல குந்தியிருந்தார். கோபமா ஏதாவது சொல்வார்னு நெனச்சோம். மெதுவா எழுந்து, "லாரி எப்ப வருது தம்பி?"ன்னு கேட்டார். இன்னும் தேதி வைக்கல சார்னோம். "இல்ல, சொல்லிட்டா மஞ்சளை எடுத்துடுவேன். இப்ப எடுத்தா மூத்திருக்காது. பொங்கலுக்கு ரெண்டு மாசம் இருக்கு. முடிஞ்சா அதுவரைக்கும் தள்ளிப்போடச் சொல்லுங்க."

அவ்வளவுதான் கேட்டார். தோட்டத்தை எடுக்காதீங்கன்னு சொல்லவே இல்ல. மஞ்சள் மூத்தா போதும்! அந்த வருஷம் குத்தகைக்காரர் விலையை ஏத்திட்டதால வேலை நின்னுபோச்சு. இலையோட இருந்த மஞ்சள் கொத்தைப் பொங்கலன்னிக்கு ஆளுக்கு ஒண்ணா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பானையில கட்டினோம். கட்டினப்ப எங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு இங்க எழுத வெக்கமா இருக்கு.

சாரைப் பற்றி புதுசா வந்த உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாது. தோட்டத்துல வேலை பாக்குற வயசான ஆள், காலையில 6 மணிக்குக் கப்சாய்ல வர்றவர், அவ்வளவுதான் தெரியும். பேர் போட்டா கோவிச்சுக்குவார், அதனால பேர் வேண்டாம்.

கெடாவுல ஒரு கித்தாத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டினவங்க. செர்டாங்கில் விவசாயம் படிச்சு, சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு இடைநிலைப்பள்ளியில் விவசாய ஆசிரியரா சேர்ந்தார். 2009ல் ஓய்வு. நாங்கள் பெராலிஹான் முடிச்சு 1984ல் பாரம் 1 போனப்ப கடைசி வகுப்பில் போட்டாங்க. அந்தக் காலத்துல எஸ்ஆர்பிக்கு சைன்ஸ் பெர்தானியான், செனி பெருசாஹாஆன், பெர்டாகாங்கான், ரூமா தாங்கான்னு பிரிவு இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கு மத்தது. பெர்தானியான் யாருக்குன்னா, எங்களுக்கு. யாரும் வாய்விட்டுச் சொல்லல, ஆனா எல்லாருக்கும் தெரியும். "படிக்கலன்னா சாங்குல்தான்" என்று வீட்டில் சொல்வாங்க. பள்ளிக்கூடத்திலேயே சாங்குலைக் கையில் கொடுத்தப்ப, சரி, நம்ம கதை முடிஞ்சதுன்னு நெனச்சோம்.

சார் முதல் நாள் சாங்குல் தரல. ஒரு முழம் கயிறும் நாலு குச்சியும் கொடுத்தார். பாத்தி அளக்கச் சொன்னார். அகலம் நாலு அடி. ஏன் நாலு அடி? யாருக்கும் தெரியல. ரெண்டு பக்கமும் நின்னு கை நீட்டினா நடுவுல எட்டணும், பாத்திக்குள்ள கால் வைக்கக் கூடாது, மிதிச்சா மண்ணு இறுகும், வேர் போகாது. இதைச் சொல்லிட்டு, "இந்தப் பாத்திக்கு எத்தனை கிலோ சுண்ணாம்பு வேணும், கணக்கு போடு"ன்னார். கணக்குப் பாடத்துல 20 மார்க் தாண்டாத ஆட்கள் நாங்க. நீளத்தை அகலத்தால பெருக்குறது எதுக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

கங்கோங் நாலு வாரம், கீரை மூணு நாலு வாரம், வெண்டை காய்க்க 45, 50 நாள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு எக்சர்சைஸ் புத்தகம். விதை போட்ட தேதி, மழை பெஞ்ச நாள், உரம், புழு, பறிச்ச எடை, வித்த காசு. கேன்டீன் அக்காகிட்ட நாங்களே விலை பேசணும். எங்கள்ல ரெண்டு பேர் இன்னிக்கு பாக்டரியில் சூப்பர்வைசரா இருக்கோம். ரிக்கார்டு எழுதுறதை எங்க கத்துக்கிட்டீங்கன்னு மேனேஜர் கேட்டா வெண்டைக்காய்த் தோட்டத்துலன்னு சொல்வோம், அவர் ஜோக்குன்னு நெனச்சுச் சிரிப்பார்.

ஒரு தடவை ஒரு மாணவனோட அப்பா பள்ளிக்கே சண்டைக்கு வந்துட்டார். "நாங்க மூணு தலைமுறையா மண்ணுல கெடந்தது போதும். எம்புள்ளைய மறுபடியும் மண்ணுல தள்ளாதீங்க." நாங்கள் அங்க நின்னுக்கிட்டிருந்தோம். சார் அவரை உட்கார வச்சு, தண்ணி கொடுத்து, "அண்ணே, பால்மரத்துல எந்தப் பக்கம் எத்தனை டிகிரில வெட்டணும்னு உங்களுக்குத் தெரியும். அந்த மரத்துக்கு ஏன் உரம் போடுறாங்க, எவ்வளவு போடுறாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"ன்னு கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சு, "அது கிராணி வேலை"ன்னார். "அந்தக் கிராணி வேலையைத்தான் உங்க பையனுக்குச் சொல்லிக் குடுக்குறேன்."

நாற்பது வருஷம் கழிச்சும் இந்தப் பதில்தான் எங்க மனசுல நிக்குது. நம்ம ஆட்கள் இந்த நாட்டுல நூறு வருஷத்துக்கு மேல நிலத்துல வேலை செஞ்சாங்க. காட்டை அழிச்சாங்க, கித்தா நட்டாங்க, பிறகு செம்பனை நட்டாங்க. ஆனா நிலம் தெரிஞ்ச சமுதாயம்னு நம்மள யாரும் சொல்றதில்ல, நாமும் சொல்லிக்கிறதில்ல. உடம்பை மட்டும்தான் கேட்டாங்க. மண்ணைப் பற்றின அறிவு துரை பங்களாவுலயும் ஆபீஸ்லயும் இருந்துச்சு. அதனால தோட்டத்தை விட்டு வெளியேறினப்ப, மண்ணு என்றாலே கஷ்டம், அவமானம்னு நெனச்சு அதையும் சேர்த்து உதறிட்டு வந்தோம்.

சார் இதுக்கு இன்னொரு பக்கமும் சொல்வார். 1923 தொழிலாளர் சட்டத்துல, குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கர்ல பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் வைக்கவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கணும்னு இருந்துச்சாம். லயத்துக்குப் பின்னாடி நம்ம பாட்டிமார் முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, மரவள்ளின்னு போட்டது அந்தத் துண்டு நிலத்துலதான். "ஜப்பான்காரன் காலத்துல உசுர காப்பாத்தினது மரவள்ளிக்கிழங்கு. அதை நட்டது எந்தத் துரையும் இல்ல, நம்ம பொம்பளைங்க"ன்னு சொல்வார். ஐம்பதுகள் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி வித்தப்ப, துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு தொழிலாளிகளிடமே வெள்ளி வெள்ளியா சேர்த்து தோட்டம் வாங்கினார். முதல் தோட்டம் நம்ம கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம். அதைச் சொல்லும்போது சார் முகம் மாறும். அவர் அப்பாவும் அதில் பணம் கட்டினவர்.

சாருக்குச் சொந்தமா ரெண்டரை ஏக்கர் இருந்துச்சு. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கினது. பள்ளி முடிஞ்சு மத்தியானம் அங்கதான் இருப்பார். முழுக்க பீசாங் பெராங்கான். நல்லா போய்க்கிட்டிருந்தப்ப வாடல் நோய் விழுந்துச்சு. அடி இலை ஓரத்துல இருந்து மஞ்சளாகி, ஒண்ணொண்ணா ஒடிஞ்சு தண்டைச் சுத்திப் பாவாடை மாதிரி தொங்கும். தண்டை வெட்டிப் பார்த்தா உள்ளே செம்பழுப்புக் கோடு கோடா இருக்கும். பியூசாரியம்னு ஒரு பூஞ்சை, மண்ணுலயே இருக்கும், மருந்து கிடையாது, வந்துட்டா அந்த மண்ணுல பல வருஷம் கிடக்கும். பக்கத்துக் கன்று வாங்கி நட்டதுல வந்துச்சா, யாரோ செருப்புல ஒட்டி வந்துச்சா, தெரியல. ரெண்டு வருஷத்துல மொத்தமும் போச்சு. பாடம் நடத்துற ஆளே தோத்துட்டாரேன்னு அந்தக் காலத்துல பேசினவங்க உண்டு.

சார் அந்தச் செத்த மரத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து, குறுக்க வெட்டி, மேசை மேல வச்சுப் பாடம் நடத்தினார். சொந்த நஷ்டத்தை வச்சுப் பாடம் நடத்தின வேற வாத்தியாரை நாங்க பார்த்ததில்ல.

இன்னிக்கும் கோயில் தோட்டத்து வாசல்ல ஒரு தட்டுல குளோராக்ஸ் கலந்த தண்ணி இருக்கும், பூட்ஸை அதுல முக்கிட்டுத்தான் உள்ளே போகணும். "சாமிக்கு வெளியில செருப்பைக் கழட்டுறோம், வாழைக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாமா"ன்னு சிரிப்பார். காரணம் தெரியாம இதைக் கேலி பண்ணினவங்க இருக்காங்க. கன்றுகூட வெளியில யார்கிட்டயும் வாங்க மாட்டார், திசு வளர்ப்புக் கன்றுதான்.

இப்ப இந்த அரை ஏக்கருக்கு வருவோம். 2011ல் அதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கோம். மண்டபம் கட்டின மிச்சக் கல்லு, உடைஞ்ச ஓடு, லாரியில கொட்டின செம்மண். லாலாங்தான் வளரும். சார் மண்ணைச் சோதிச்சப்ப புளிப்பு அதிகம், காரம் பத்தலைன்னார். சுண்ணாம்பு போட்டுட்டு, சும்மா விடுங்கன்னார். உடனே உரம் போட்டா ரெண்டும் சண்டை போட்டு ரெண்டும் வீணாகுமாம். நாங்க கல்லு பொறுக்கினோம். மாசக்கணக்கா கல்லு பொறுக்கினோம்.

அதுக்கப்புறம் அவர் கை வச்சது கோயில் குப்பையில. சாமிக்குச் சாத்தின மாலை, அன்னதானத்து வாழை இலை, அபிஷேகத்து இளநீர் மட்டை, உதிர்ந்த வேப்பிலை, இதையெல்லாம் கறுப்புப் பையில கட்டிக் குப்பை லாரிக்குப் போட்டுக்கிட்டிருந்தோம். அம்மன் கழுத்துல கெடந்த மாலை கோழி எலும்போட சேர்ந்து போகுதேன்னு யாருக்கும் உறுத்தல. சார் அதை எரு ஆக்கினார். மாலையில இருக்கிற கம்பி, நைலான் நூல், ஜிகினா எல்லாத்தையும் பிரிக்கணும், அது எங்க வேலை. (உபயகாரர்களே, தயவுசெஞ்சு ஜிகினா மாலை வாங்காதீங்க. ஒரு மாலையைப் பிரிக்கப் பத்து நிமிஷம் ஆகுது.) மாட்டுச் சாணம், காய்ஞ்ச இலை, பச்சை இலைன்னு அடுக்கி, வாரம் ஒரு தடவை புரட்டினா, உள்ளே கைவைக்க முடியாத அளவு சூடாகும். ரெண்டு மூணு மாசத்துல கறுப்பா, பொலபொலன்னு, மழை பெஞ்ச மண் வாசத்தோட வரும்.

சார் இயற்கை விவசாயம்னு கொடி பிடிக்கிற ஆளும் இல்ல. வாட்ஸ்அப்ல வர்ற மாட்டு மூத்திர வீடியோவைக் காட்டினா, "நல்லதுதான், ஆனா மண்ணுக்கு என்ன குறைன்னு பார்க்காம எதை ஊத்தினாலும் தப்புதான்"னு சொல்லிட்டு, வாழைக்கு நீல உரம் ஒரு கைப்பிடி போட்டுட்டுப் போவார். எங்க குழுவுலயே இதுல அவரோட ஒத்துப்போகாதவங்க இருக்காங்க.

இந்தப் பதினாலு வருஷத்துல தலைவாழை இலை, வெற்றிலை, துளசி, வேப்பிலை, மஞ்சள், அருகம்புல், அன்னதானத்துக்குக் கீரை, கத்திரி, பூசணி எல்லாம் அந்த மண்ணு கொடுத்தது. 2020 மார்ச்ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயிலைப் பூட்டினப்ப, உள்ளேயே தங்கியிருந்த குருக்கள் தண்ணி ஊத்தினார். பின்வீட்டுல இருக்கிற சார் போன்ல சொல்லச் சொல்லக் கீரை பறிச்சு, வேலை போன குடும்பங்களுக்கு கேட் வழியா கட்டுக் கட்டா கொடுத்தாங்க. 2023 டிசம்பர்ல இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி இங்க விலை ஏறினப்ப, சமையல்கட்டுல எல்லாரும் தலையில கைவச்சோம். சார் சொன்னார், வெங்காயம் இங்க சரியா வராது, அதை நான் நட முடியாது, ஆனா நட முடிஞ்சதையாவது நட்டுக்கலாமேன்னு.

ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பாத்தி உண்டு. தேவாரம் முடிஞ்சதும் ஓடுவாங்க. பள்ளியில் இப்ப இதெல்லாம் கொறைஞ்சுபோச்சு. கெமாஹிரான் ஹிடுப்ல ஒரு பிரிவா விவசாயம் இருந்துச்சு. 2017ல் புதுப் பாடத்திட்டம் வந்து அந்த இடத்துல ரேகா பெந்தோக் டான் தெக்னோலோகி வந்தாச்சு. எஸ்பிஎம்ல விருப்பப் பாடமா இன்னும் இருக்கு, எடுக்கிற நம்ம பிள்ளைங்களைத் தேடணும். கம்ப்யூட்டர் படிக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா போன மாசம் ஒரு எட்டு வயசுப் பிள்ளை, கச்சான் மண்ணுக்குள்ள காய்க்குதுன்னு பார்த்துட்டு, யாரோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு சொல்லுச்சு. சிரிச்சோம். அப்புறம் சிரிப்பு வரல.

நிர்வாகத்தை நாங்கள் குறை சொல்லல. தலைவரும் செயலாளரும் சொந்தப் பணம் போட்டு ஓடுறவங்க. கார் பிரச்சினை உண்மை. ஆனா வருஷத்துல எத்தனை நாளைக்கு அந்த அரை ஏக்கர் நிறைய காடி வரும்? ஆடி மாசத் திருவிழா, தைப்பூசம், சில வெள்ளிக்கிழமை. மத்த நாளெல்லாம் வெயில்ல காயுற தார். அதுக்காகப் பதினாலு வருஷமா எரு போட்டு உண்டாக்கின மேல்மண்ணை ஒரே காலையில மெஷின் சுரண்டி அள்ளிப் போகும். நாளைக்கு மனசு மாறி மறுபடியும் தோட்டம் வேணும்னு சொன்னா, தாருக்குக் கீழே மறுபடி கல்லும் செம்மண்ணும்தான் இருக்கும். அப்ப மண்ணைச் சோதிக்க சார் இருக்கணுமே. அவருக்கு எழுபது தாண்டிருச்சு, ஒரு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு.

எங்க யோசனை இதுதான். வேலி ஓரமா முன்பக்கத் துண்டை எடுத்துக்குங்க. அளந்து பார்த்தோம், பன்னிரண்டு காடி நிக்கும். அங்கே இருக்கிறது பழைய எலுமிச்சையும் பப்பாளியும்தான், சாரிடம் கேட்டோம், போகட்டும்னார். அந்தப் பன்னிரண்டும் வயசானவங்களுக்கும் சக்கர நாற்காலிக்காரங்களுக்கும் மட்டும். திருவிழா நாள்ல பக்கத்துப் பள்ளித் திடலுக்கு அனுமதி வாங்க நாங்களே போறோம், காடி ஒழுங்குபடுத்த இருபது இளைஞர்களைத் தர்றோம். மத்த நிலத்தைத் தோட்டமாகவே வச்சிருக்கணும்னு கூட்டக் குறிப்பில் எழுதணும். இதை எழுத்துல செயலாளரிடம் கொடுத்தாச்சு.

இன்னொரு விஷயம், இது எங்களுக்கே சொல்லிக்கிறது. சாரோட புத்தகங்கள் பதினாலு இருக்கு, வருஷத்துக்கு ஒண்ணு. எந்த மூலையில தண்ணி நிக்கும், எந்தப் பாத்தியில எது எப்ப நட்டது, எல்லாம் அதுல இருக்கு. தோட்டம் வேணும் வேணும்னு இங்க எழுதுற நாங்க, அதுல ஒண்ணைக்கூட இதுவரைக்கும் உட்கார்ந்து படிச்சதில்ல. மாலை பிரிச்சோம், கல்லு பொறுக்கினோம், சொன்னதைச் செஞ்சோம். அதாவது இங்கயும் உடம்பு வேலை மட்டும் பார்த்துட்டு, கிராணி வேலையை சார் தலையிலயே விட்டுட்டோம். போன வாரம் போய்க் கேட்டோம். சார் முதல் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துட்டு, "படிச்சுட்டு வாங்க, கேள்வி கேப்பேன்"னார்.

பொன்னாடையைப் பற்றி அவர்கிட்ட யாரும் இன்னும் சொல்லல போல. சொன்னா கூட்டத்துக்கே வரமாட்டார், அதனால நீங்களும் சொல்லாதீங்க. கூட்டம் இந்த மாசக் கடைசி ஞாயிறு காலை 10 மணி, மண்டபத்துல. ஓட்டுரிமை உள்ளவங்க சந்தா கட்டின ரசீதோட வாங்க. தோட்டத்தை ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்றோம்னு நினைக்கிறவங்க அன்னிக்கே 7 மணிக்கு வந்துடுங்க, நாங்கள் சுத்திக் காட்டுறோம். பசியாற அங்கேயே ஏற்பாடு இருக்கு. சிலிப்பர் வேண்டாம், பூட்ஸ் போட்டு வாங்க, வாசல்ல தட்டு இருக்கும்.